எந்த ஊரில் கப்பல் ஏறுவது: ரோம், பார்சிலோனா, ஏதென்ஸ்

கணவன் மனைவி இரண்டு பேர், பத்துப் பன்னிரண்டு நாள் விடுமுறை. அதில் ஒரு வாரம் கப்பல், மிச்ச நாட்கள் ஊர் சுற்றல். மத்தியதரைக் கடல் என்று முடிவானதும் பெரும்பாலோர் கப்பலைத்தான் முதலில் அலசுகிறார்கள். எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம், அறைக்குப் பால்கனி உண்டா என்றெல்லாம். என்னைக் கேட்டால் கப்பலைக் கடைசியில் பாருங்கள் என்பேன். எந்த ஊரில் ஏறப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஒரு ஊரில்தான் மூன்று நான்கு இரவு தங்கி, ராத்திரி பத்து மணிக்கு இஷ்டம்போல நடக்க முடியும். மற்ற ஊர்களில் காலையில் இறங்கி, மாலை கப்பல் கிளம்புவதற்குள் ஓடிவர வேண்டும்.

பரிசீலிக்க வேண்டிய ஊர்கள் மூன்று. வெனிஸை நான் சேர்க்கவில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டி வரக் கூடாது என்று இத்தாலி அரசு தடுத்துவிட்டது. இப்போது விளம்பரத்தில் வெனிஸ் என்று போட்டிருந்தாலும், கப்பல் மார்கேராவின் தொழிற்சாலைப் பகுதியில் நிற்கலாம். ரவென்னாவிலோ ட்ரியெஸ்தேயிலோகூட நிற்கலாம். ரவென்னா என்றால் வெனிஸுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெனிஸ் பார்க்க ஆசை என்றால் ரயிலில் போய் இரண்டு இரவு தங்குங்கள்.

ரோமுக்கு வருவோம். ஊராக எடுத்துக்கொண்டால் மூன்றிலும் ரோம்தான் முதல். கொலோசியம், பாந்தியன், வாடிகன் அருங்காட்சியகம், போர்கேசே காலரி என்று மூன்று நாளும் போதாது. (வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், போர்கேசே திங்களன்று மூடியிருக்கும். சனி, ஞாயிறு, திங்கள் என்று தங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.) ஆனால் கப்பல் ரோமில் இல்லை. சிவிதாவேக்கியா என்ற துறைமுகத்தில், 70 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கிறது. ரயிலில் போய், அங்கிருந்து துறைமுகத்துக்கு இன்னொரு பஸ். ஏறுகிற நாளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கப்பல்கள் லிவோர்னோ துறைமுகத்தில் நின்று அதை ஃப்ளாரன்ஸ் என்று சொல்கின்றன. லிவோர்னோவிலிருந்து ஃப்ளாரன்ஸ் சுமார் 90 கிலோமீட்டர். போக வர மூன்று மணி நேரம் கழிந்தால், ஊர் பார்க்கக் கிடைப்பது நாலைந்து மணி நேரம். அதையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழிக்க வேண்டும், ஏனென்றால் கப்பல் ஏற்பாடு செய்த பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்கு இல்லை. அதே ஃப்ளாரன்ஸுக்கு ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். நேப்பிள்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் போல. நேப்பிள்ஸில் ரயில் மாறி, அரை மணி, முக்கால் மணியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரான பொம்பெயியின் வாசலில் இறங்கலாம். ஆக, ரோம், ஃப்ளாரன்ஸ், பொம்பெயி இதுதான் உங்கள் கனவு என்றால் கப்பலே வேண்டாம். ரயிலும் மூன்று ஓட்டல்களும் போதும். கப்பல் இங்கே நிலத்தில் சுலபமாகப் போகக்கூடிய இடத்துக்குக் கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

பார்சிலோனாவில் இந்தத் தொல்லை கிடையாது. கொலம்பஸ் சிலை தாண்டிப் பாலத்தில் ஏறினால் கப்பல் முனையங்கள் வந்துவிடும். விமான நிலையமும் பக்கம். 1882-இல் கட்டத் தொடங்கிய சக்ராதா ஃபமிலியா தேவாலயம், பார்க் குயெல் பூங்கா இரண்டுக்கும் நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் மீதி நாளெல்லாம் சும்மா நடந்தே தீர்த்துவிடலாம். ஆனால் இங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் பல மார்செய், ஜெனோவா, சிவிதாவேக்கியா என்று அதே வட்டத்தைத்தான் சுற்றுகின்றன. பார்சிலோனாவைத் தேர்ந்தெடுத்தால் தீவுகள் உள்ள வழியாகப் பாருங்கள்: பால்மா (மயோர்கா), பலேர்மோ (சிசிலி), வலெட்டா (மால்டா). வலெட்டா துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும் காலைக்காக மட்டுமே சீக்கிரம் எழுந்திருக்கலாம். இறங்கி லிஃப்டில் கோட்டைக்கு ஏறினால், செயின்ட் ஜான் இணைப் பேராலயத்தில் கரவாஜியோ 1608-இல் வரைந்த பெரிய ஓவியம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. எங்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஏதென்ஸை நான் கடைசியில் வைத்தது அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதால். ஊர் அழகில் ரோமுக்கு ஈடில்லை. பல தெருக்கள் சிமென்ட் அடுக்குமாடிகளும் சுவர்க் கிறுக்கல்களுமாக இருக்கும். அக்ரோபொலிஸ், அதன் அடிவாரத்து அருங்காட்சியகம், பழைய சந்தைவெளியான அகோரா, ப்ளாகா சந்துகள் என்று இரண்டரை நாளில் மனம் நிறைந்துவிடும். ஆனால் துறைமுகமான பிரேயஸ் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடம் 2022-லிருந்து நேராக அங்கேயே போகிறது. அப்புறம் கப்பல் போகும் இடங்கள். ரயில் போக முடியாத இடங்கள். ரோட்ஸ் தீவில் கப்பலை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் சிலுவைப்போர்க் கால வீரத்துறவிகள் கட்டிய மதில் வாசல். கிரீட்டின் ஹெராக்லியனில் க்னோசோஸ் அரண்மனை டவுன் பஸ் தூரம். துருக்கியின் குஷாதாசியிலிருந்து, இடிபாடுகளாக நிற்கும் பழைய நகரமான எஃபெசஸ் இருபது கிலோமீட்டர் போல. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் செல்சஸ் நூலகத்தின் முன் வெயில் ஏறுவதற்குள் நின்றுவிடலாம்.

சாண்டோரினித் தீவுதான் இந்தப் பயணங்களின் முகப்புப் படம். அதே இடத்தில்தான் ஏமாற்றமும் அதிகம். பெரிய கப்பல் கரைக்கு வராது. எரிமலை வாய்க்குள் மிதந்து நிற்கும். சிறு படகில் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுவிடுவார்கள். அங்கிருந்து மேலே இருக்கும் ஃபிரா ஊருக்கு ஏற கேபிள் கார், அல்லது ஏறத்தாழ 600 படிகள். கழுதைச் சவாரியும் உண்டு, ஆனால் பாவம் அந்தப் பிராணிகள். நான்கைந்து கப்பல் சேர்ந்து வரும் நாளில் கேபிள் கார் வரிசையே ஒரு மணி நேரத்தை விழுங்கும். 2025-லிருந்து ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கோடைக் காலத்தில் சாண்டோரினிக்கும் மிகோனோஸ் தீவுக்கும் ஆளுக்கு 20 யூரோ இறங்கும் கட்டணமும் உண்டு. அங்கே ஓயா கிராமத்தில் சூரிய அஸ்தமனம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரவு ஒன்பது, பத்துக்குக் கிளம்பும் கப்பலாகப் பாருங்கள். தேனிலவு, இருபத்தைந்தாவது கல்யாண நாள் என்றால் கப்பலையே விட்டுவிட்டு, பிரேயஸில் ஃபெர்ரி ஏறி சாண்டோரினியில் மூன்று இரவு தங்குவது இன்னும் மேல். வேகப் படகில் ஐந்து மணி நேரம், சாதாரணப் படகில் ஏழெட்டு.

இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தெமி காற்று அடிக்கும். சிறு படகு இறக்க முடியாமல் கப்பல் மிகோனோஸைத் தாண்டிப் போய்விடுவது நடக்கிற விஷயம். அந்த மாதங்களில் வெயில் உச்சத்தில் அக்ரோபொலிஸையே மதியம் மூடியதும் உண்டு. மே மாதம், அல்லது செப்டம்பர் கடைசி. பள்ளிக்கூட விடுமுறைக்குக் கட்டுப்படாத ஜோடிகளுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

விசா விஷயம் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும் என்பது விதி. ஸ்பெயினில் மூன்று நாள், இத்தாலியில் மூன்று துறைமுகம், பிரான்சில் ஒன்று என்று போனால் யாரிடம் விண்ணப்பிப்பது என்பதே கணக்குப் போட வேண்டிய சமாசாரம். கிரீஸில் அந்தக் குழப்பம் குறைவு. ஆனால் வழியில் குஷாதாசி இருந்தால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறித் திரும்ப வருகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். மால்டாவும் குரோவேஷியாவும் ஷெங்கனுக்குள். மாண்டினீக்ரோவின் கொடோர், துனிசியா வெளியே. துருக்கிக்கு, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா உள்ள இந்தியர்களுக்கு இ-விசா கிடைக்கும். முன்பணம் கட்டும் முன்பே உங்கள் வழிக்கு எது தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

செலவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கப்பலில் வராது, ஊரில்தான் வரும். ஏதென்ஸில் ஓட்டலும் சாப்பாடும் ரோமைவிடக் கை கடிக்காது. சைவக்காரர்களுக்கும் கிரீஸ் தாராளம்: தக்காளி, குடைமிளகாய்க்குள் சோறு அடைத்த கெமிஸ்தா, கீரைப் பை, பெரிய மொச்சை போட்ட கிகாந்தெஸ், சாண்டோரினியின் பருப்பு மசியலான ஃபாவா. கப்பலில் கவனிக்க வேண்டியது வேறு. தினசரிச் சேவைக் கட்டணம் டிக்கெட் விலைக்கு மேல் ஏறும். பானப் பொதியை (ட்ரிங்க்ஸ் பேக்கேஜ்) ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. கணவர் பீர் குடிப்பார், மனைவி மோர்கூடத் தொடமாட்டார் என்றாலும் இரண்டு பேருக்கும் காசு. பால்கனி அறைக்கு நான் காசு போடமாட்டேன். சாண்டோரினிக்குள் நுழைவதை மேல்தளத்தில் நின்று பார்த்தால்தான் இரண்டு பக்கமும் தெரியும். அந்தப் பணத்தை ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் தெரியும் ஓட்டலுக்குப் போடுங்கள்.

என் தேர்வு ஏதென்ஸ், ரோட்ஸும் எஃபெசஸும் உள்ள ஏழு இரவு வழி. ரோமை விட்டுவிட்டு வர மனமில்லாதவர்களுக்கு ஒரு நடுவழி: சில கப்பல்கள் சிவிதாவேக்கியாவில் ஏற்றிப் பிரேயஸில் இறக்கிவிடும். போகும் விமானம் ரோமுக்கு, வரும் விமானம் ஏதென்ஸிலிருந்து என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் ஊரில் தங்கும் இரவுகளில் பெரும்பகுதியைக் கப்பலுக்கு முன்னால் வையுங்கள். வளைகுடாவில் விமானம் மாறும்போது தாமதமானாலோ பெட்டி ஒரு நாள் பிந்தினாலோ அங்கே சமாளித்துவிடலாம், கப்பல் கிளம்பிய பிறகு முடியாது. இறங்கும் நாளில் ஏழு, எட்டு மணிக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்று மதியத்துக்கு மேல் விமானம் போட்டால் போதும்.