ஆறு பருவங்கள், ஒரே டிடெக்டர்: 1715 கப்பல்களின் மணலில் என் அனுபவம்

இந்த மெட்டல் டிடெக்டரை (உலோகம் கண்டறியும் கருவியை) வாங்கும் முன் நான் தேடிப் படித்த விமர்சனங்கள் எல்லாம் ஒரு மாதம் பயன்படுத்தியவர்கள் எழுதியவை. உப்புத் தண்ணீரில் ஒரு கருவியின் குணம் தெரிய ஒரு மாதம் போதாது. நான் ஆறு பருவங்கள் கடலுக்குள் கொண்டுபோன பிறகு எழுதுகிறேன். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில், செபாஸ்டியன் ஊருக்கும் ஃபோர்ட் பியர்ஸுக்கும் இடையே, மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களின் சிதறல்களைத் தேடும் ஒரு சிறு படகில் முக்குளிப்பது என் வேலை.

1715 ஜூலை 24 அன்று கியூபாவின் ஹவானாவிலிருந்து பொன்னும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு கப்பல்கள் ஸ்பெயினுக்குப் புறப்பட்டன. ஜூலை 30 இரவு தொடங்கிய சூறாவளி, விடிவதற்குள் பதினொன்றை இந்தக் கரையோரம் உடைத்துப் போட்டது. கிரிஃபோன் என்ற பிரெஞ்சுக் கப்பல் மட்டும் தப்பியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள். முந்நூறு ஆண்டு அலைகள் அந்தச் சரக்கை மைல் கணக்கில் இழுத்துப் பரப்பிவிட்டன. பல இடங்களில் ஆழம் இருபது அடிகூட இல்லை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் அலை உடைகிற இடத்தில் நாள் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடப்பது முதுகை முறிக்கும். கடல் அடங்கியிருக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் வேலை. அதிலும் பல நாள்கள் கலங்கலில் வீணாகும்.

படகை மூன்று நங்கூரங்களில் இறுக்கி நிறுத்தி, படகைத் தள்ளும் சுழலியின் (புரொப்பெல்லர்) பின்னால் முழங்கை போல வளைந்த பெரிய குழாய்களை இறக்குவோம். இதற்கு 'மெயில்பாக்ஸ்' என்று பெயர். இயந்திரத்தை முடுக்கினால் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து மணலில் பள்ளம் பறிக்கும். 1960களில் புதையல் வேட்டைக்காரர் மெல் ஃபிஷரின் குழு இதைச் செய்தது, மேலே உள்ள தெளிந்த நீரைக் கீழே தள்ளினால் கலங்கலில் பார்வை கிடைக்குமே என்றுதான். மணலும் விலகியது அவர்களுக்குக் கிடைத்த வரம். 1964இல் இந்தக் கரையில்தான் அவர்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொற்காசுகளை எடுத்தார்கள்.

பள்ளம் பறித்து இயந்திரத்தை அணைத்ததும் நாங்கள் இறங்குவோம். படகின் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வரும். கையில் டிடெக்டர். என்னுடையது பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. காந்தத் துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பி, உலோகத்திலிருந்து திரும்புவதைக் கேட்கும். உப்பு நீரோ இரும்புத்தாது கலந்த கருமணலோ அதைக் குழப்புவதில்லை. இந்தக் கடலில் அதைவிடப் பெரிய நற்குணம் வேறு கிடையாது. ஒற்றைக் காசை முக்கால் அடி மணலுக்கு அடியிலும் சொல்லிவிடும். ஆனால் எந்த உலோகம் என்று சொல்லாது. கப்பல் ஆணி, பழைய துப்பாக்கிகளின் ஈயக் குண்டு, பீர் கேன் எல்லாவற்றுக்கும் ஒரே முனகல்தான். போதாததற்கு, இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்ட் பியர்ஸில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சித் தளம் இருந்தது. அந்த நாள்களின் இரும்பும் மணலுக்குள் கிடக்கிறது. வெடிகுண்டு போலத் தெரிந்தால் கை வைக்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் சலிப்பு தாங்காமல், உலோகத்தைப் பிரித்துச் சொல்லும் வேறொரு டிடெக்டரை இரவல் வாங்கிப் பார்த்தேன். அலுமினிய மூடியைத் தவிர்க்கும்படி வைத்தால், அதோடு சிறிய தங்க மோதிரத்தையும் அது தவிர்த்துவிடும். இரண்டின் ஒலியும் அவ்வளவு நெருக்கம். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தொழிலில் கேட்ட ஒலியையெல்லாம் தோண்டத்தான் வேண்டும்.

மூன்றாம் பருவத்தில் என் தவறால் ஒரு பெரிய செலவு வந்தது. பேட்டரி மாற்றிவிட்டு மூடியைத் திருகும்போது, நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டியிருந்த ஒரே ஒரு மணல் துகளைக் கவனிக்கவில்லை. பதினைந்தாவது நிமிடம் காதில் ஓயாத இரைச்சல். மேலே வந்து திறந்தால் உள்ளே ஒரு கரண்டி கடல்நீர். சர்க்யூட் பலகையை மாற்றிப் பெற ஐந்து வாரம் ஆனது. பருவத்தின் நல்ல வாரங்கள் அவை. அன்றிலிருந்து ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் வருடி, சிலிக்கான் கிரீஸ் தடவாமல் மூடுவதில்லை. மாலையில் நல்ல தண்ணீரில் கழுவாமல் தூங்கப் போவதுமில்லை. கேபிள் மட்டும் ஒரு முறை மாற்றினேன். மற்றபடி கருவி அப்படியே இருக்கிறது.

நான்காம் பருவத்தில் ஒரு நாள், சுண்ணாம்புப் பாறை வெடிப்பு ஒன்றில் மிக மெல்லிய முனகல். ஸ்பானிய வெள்ளிக் காசான ரியால் என்றால் சல்ஃபைடு ஏறிக் கருகிய அப்பளத் துண்டு போல ஓரம் சிதைந்து கிடக்கும்; பாறையிலிருந்து பிரித்தறியவே கண் பழக வேண்டும். அதைத்தான் எதிர்பார்த்து விரலால் மணலைக் கிளறினேன். வெளிப்பட்டது நேற்று அடித்தது போன்ற மஞ்சள். தங்கத்தைக் கடல் தொடுவதில்லை என்று ஆயிரம் முறை கேட்டிருந்தும், அந்த நிறத்தை என் கண்கள் நம்ப மறுத்தன. கையுறையைக் கழற்றி வெறும் விரலால் தொட்டேன். கை நடுங்கியது. கடைசியாக அதைத் தொட்டவர் அந்தச் சூறாவளி இரவில் இறந்திருக்கலாம் என்று அப்போது தோன்றிய எண்ணம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

ஆறு பருவங்களில் எனக்குக் கிடைத்த பொற்காசு அது ஒன்றுதான். வெள்ளி நாற்பதுக்குச் சற்று மேல். ஈயக் குண்டுகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். எதுவானாலும் கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்போடு பதிவேட்டில் ஏறும். அருங்காட்சியகத்துக்காக மாநில அரசு 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். மீதியை, இந்தச் சிதறல்களைத் தேடும் உரிமை பெற்ற உரிமைதாரரும் படகுக்காரரும் பிரிப்பார்கள். படகுக்காரர் பங்கிலிருந்துதான் எங்களுக்கு. 2015 ஜூலையில் இதே கரையில் 45 லட்சம் டாலர் மதிப்புள்ள 350 பொற்காசுகள் கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு வருகிற இளைஞர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறேன். குளிர்காலத்தில் படகுகளின் அடிப்பாகம் சுரண்டித்தான் என் வீட்டு வாடகை கட்டுகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: காயிலை (மணலுக்கு மேல் அசைக்கும் வட்டச் சுருளை) பெரிதாக எடுக்காதீர்கள்; பாறை வெடிப்புக்குள் நுழைகிற சிறியதே போதும். காதுக்கருவி இரண்டு காதையும் மூடக் கூடாது. படகின் இயந்திரச் சத்தம் உங்களுக்குக் கேட்டாக வேண்டும். உதிரி ஓ-ரிங் இல்லாமல் படகில் ஏறாதீர்கள். வருகிற மே மாதத்துக்கு நான் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.