ரிங்கர் போய்விட்டதா? வெறும் ஸ்பீக்கர் மாற்றுவதா, முழு பாக்ஸே மாற்றுவதா

கடைப் பேச்சில் ‘ரிங்கர்’ என்றால் போனின் அடியில், சார்ஜர் குத்தும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் லவுட் ஸ்பீக்கர். காதில் வைத்துப் பேசும்போது கேட்கும் மேல் ஸ்பீக்கர் வேறு. ரிங்கர் கரகரத்தாலோ, சத்தம் பாதியாகக் குறைந்தாலோ, அடியோடு ஊமையானாலோ வீட்டிலேயே மாற்றிவிடலாம். அதற்கு இரண்டு வழி. அந்த மாடலுக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் பெட்டியோடு வரும் முழு ரிங்கர் பாக்ஸை மாற்றுவது ஒன்று. பெட்டியைப் பிளந்து, உள்ளே இருக்கும் வெறும் ஸ்பீக்கரை மட்டும் எடுத்துவிட்டு அதே அளவில் இன்னொன்றை வைப்பது மற்றொன்று. பெட்டியோடு மாற்றுவதுதான் சரி என்பது என் கட்சி. விலை வித்தியாசமோ வேலைச் சுமையோ இதற்குக் காரணமில்லை. பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் காரணம்.

அதற்கு முன்னால், ரிங்கர் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். ஹெட்போன் ஓட்டையில் ஈரமோ தூசியோ இருந்தால், ஹெட்போன் செருகியிருப்பதாகவே போன் நினைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் ஓட்டையை மூடியிருக்கும் வலையில் அழுக்கு அடைத்தால் சத்தம் மங்கும். பல் தேய்க்கும் மென்மையான பிரஷ்ஷை உலர்ந்தபடியே வைத்துத் தேய்த்தால் போதும், ஊசி வைத்துக் குத்த வேண்டாம். சாம்சங்கில் *#0*# என்றும், ஷாவ்மியில் *#*#6484#*#* என்றும் டயல் செய்தால் சோதனைத் திரை வரும். அதில் ஸ்பீக்கரைத் தனியாக ஒலிக்க வைத்துப் பார்க்கலாம்.

போனைத் திறந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. பாக்ஸின் இரண்டு காண்டாக்ட்டிலும் (போர்டைத் தொடும் உலோகப் புள்ளிகள்) மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான ரிங்கர்கள் 8 ஓம் வகை. மீட்டரில் 6 முதல் 8 வரை காட்டினால் காயில், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், நன்றாக இருக்கிறது. எண்ணே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையென்றால் ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல்லிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துக் கணநேரம் தொட்டு எடுங்கள். ‘டிக்’ என்று கேட்க வேண்டும். காயில் நன்றாக இருந்தும் போனில் சத்தம் வராவிட்டால், போர்டின் பக்கம் இருக்கும் இரண்டு ஸ்ப்ரிங் காண்டாக்ட்டைப் பாருங்கள். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, ட்வீசர் நுனியால் ஒரு முடி அளவு மேலே தூக்கிவிடுங்கள். ஊமையான போன்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே பேசத் தொடங்கிவிடும். எதையும் வாங்க வேண்டியிருக்காது.

கரகரப்புக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. ரிங்கருக்குள் சிறிய, ஆனால் மிக வலுவான நியோடிமியம் காந்தம் இருக்கிறது. பட்டறை, லேத், வெல்டிங் வேலை நடக்கும் இடங்களில் புழங்கும் போன்களில் வலை வழியாக இரும்புத் தூள் நுழைந்து, அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வான டயஃப்ரத்தின் மேலேயே மயிர்க்கால் போல நட்டுக்கொண்டு நிற்கும். பாக்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். வலுவான டேப்பைச் சுருட்டி மெதுவாக ஒற்றி எடுத்தால் அந்தத் தூள் வந்துவிடும். டயஃப்ரம் கிழிந்திருந்தாலோ உள்ளே அமுங்கியிருந்தாலோதான் மாற்ற வேண்டும்.

இனி காற்றுக்கு வருவோம். டயஃப்ரம் முன்னால் தள்ளும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது, பின்புறக் காற்று விரிகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சத்தம் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும், முக்கியமாகக் கனமான கீழ்ச் சுருதிகள். அதனால்தான் ஸ்பீக்கரின் பின்புறத்தை ஒரு பெட்டிக்குள் காற்றுப் புகாமல் மூடிவைக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு: டயஃப்ரத்துக்குப் பின்னால் ஒரு மெத்தை போல நின்று அளவுக்கு மீறி ஆடாமல் தடுக்கிறது. பெட்டியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மெத்தை போய்விடும். டயஃப்ரம் கட்டில்லாமல் ஆடி விளிம்பில் இடிக்கும். முதலில் கரகரக்கும், பிறகு கிழியும்.

இப்போதைய போன்களில் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டும் ‘ஸ்மார்ட் ஆம்ப்’ எனப்படும் ஐசி (சில்லு) இருக்கிறது. காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, காயில் எவ்வளவு சூடாகிறது, டயஃப்ரம் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று கணக்குப் போட்டபடியே சத்தத்தைத் தள்ளும். அந்தக் கணக்கு முழுக்க அந்த ஸ்பீக்கர், அந்த அளவுப் பெட்டி, கசிவில்லாத காற்று என்ற மூன்றையும் நம்பிப் போட்டது. கசியும் பெட்டியில் கணக்கு தப்பும். வேறு ஓம் உள்ள காயிலை வைத்தாலும் தப்பும்; சில போன்கள் சத்தத்தைத் தாமாகவே குறைத்துவிடும். எல்லா மாடலும் இப்படி நடந்துகொள்ளும் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஐசிக்கு ஐசி மாறும். ஆனால் வெறும் ஸ்பீக்கர் மாற்றிய போன் கொஞ்ச நாளில் மறுபடி கரகரப்பதற்கு, காயில் மட்டம் என்பதைவிடப் பெட்டி கசிகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

வெறும் ஸ்பீக்கர் வழியில் போனால் இந்தக் காற்றடைப்பைக் கையாலேயே மறுபடி உருவாக்க வேண்டும். பெட்டியின் இரண்டு பாதியும் தொழிற்சாலையில் அல்ட்ராசோனிக் வெல்டிங்கில் உருகி ஒட்டியவை. பிளேடு வைத்துத் தையலோடு அறுத்தால் விளிம்பு கடித்தது போலாகிவிடும். பசை தடவி மூடினாலும் எங்கோ ஒரு மூலையில் ஊதும். சில மாடல்களில் பெட்டிக்குள் வெள்ளைக் குருணை நிரப்பியிருப்பார்கள். சிறிய பெட்டியைப் பெரிய பெட்டி போல நடக்க வைப்பது அதன் வேலை. அறுத்த நிமிடத்தில் அது ரவை போலக் கொட்டும், திரும்ப அள்ளி வைக்க வழியில்லை. பெட்டியில் காற்றழுத்தம் சமமாவதற்கென்று ஊசிமுனை அளவில் ஒரு துளையும் அதன் மேல் ஒட்டிய வலையும் இருக்கலாம். கசிவு என்று நினைத்து அதைப் பசையால் அடைத்துவிடக் கூடாது.

அளவும் படுத்தும். வெறும் ஸ்பீக்கர்களை 11×15 மில்லிமீட்டர் என்பது போல அளவு சொல்லித்தான் விற்பார்கள். நீள அகலம் பொருந்தினாலும் தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினால் பெட்டி மூடாது. குறைந்தால் விளிம்பில் காற்று போகும். சாலிடர் வைக்கும்போது இரும்பு முனையைக் காந்தம் தன் பக்கம் இழுக்கும். பழகாத கையில் முனை நேராக டயஃப்ரத்தில் போய் உட்கார்ந்துவிடும். 320 டிகிரி அளவில், ஒரு காண்டாக்ட்டுக்கு ஒரு விநாடி என்று முடிக்க வேண்டும், தாமதித்தால் சட்டகம் உருகும். சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியின் பக்கமே போகக் கூடாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். இரட்டை ஸ்பீக்கர் போன் என்றால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மாறினால் இரண்டும் எதிரெதிராக ஆடிக் கனத்த ஒலி காணாமல் போகும்.

முழு பாக்ஸில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நாலைந்து ஸ்க்ரூ கழற்றி, பழையதைத் தூக்கி, புதியதை வைத்தால் காண்டாக்ட் தானாக உட்காரும். ஆனால் எந்த பாக்ஸ் வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். பல மாடல்களில் போனின் கீழ் ஆன்டெனாவே இந்தப் பெட்டியின் மேல்தான் செம்பு நிறத்திலோ தங்க நிறத்திலோ கோடுகளாக அச்சாகியிருக்கிறது. மட்டமான காப்பி பாக்ஸில் அந்தக் கோடு ஒழுங்காக இருக்காது, சில சமயம் இருக்கவே இருக்காது. சத்தம் பிரமாதமாக வரும், ஆனால் சிக்னலில் இரண்டு கோடு குறையும். அதற்கும் ரிங்கர் மாற்றியதற்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. அதனால், போர்டு செத்துப்போன அதே மாடல் போனிலிருந்து கழற்றிய ஒரிஜினல் பாக்ஸ் கிடைத்தால், புதிய காப்பியைவிட அதற்குத்தான் முதலிடம். சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது பழைய பாக்ஸைக் கையோடு கொண்டுபோய் ஸ்க்ரூ ஓட்டை, காண்டாக்ட் இடம், ஆன்டெனாக் கோடு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ரெட்மி நோட் 8, நோட் 8 புரோ இரண்டும் வெவ்வேறு பாக்ஸ்.

வேலையை ரெட்மி நோட் 8 போன்ற, பின்பக்கக் கண்ணாடி ஒட்டிய போனை வைத்துச் சொல்கிறேன். சார்ஜைக் கால்வாசிக்குக் கீழே இறக்கி, போனை அணைத்து, சிம் தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஹேர் டிரையரால் விளிம்பைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் சூடேற்ற வேண்டும். கை வைத்தால் நல்ல சூடு தெரிய வேண்டும், கையைச் சுடக் கூடாது. கீழ் விளிம்பில் சக்ஷன் கப் வைத்து இழுத்து, கிடைக்கும் இடைவெளியில் கிட்டார் பிக்கை நுழைத்து, இரண்டு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டால் பசை இளகும். பிக்கை மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடாதீர்கள். பேட்டரியைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கலாம். கைரேகை சென்சாரின் கேபிள் பின்கவரோடு வரும். மூடியைப் படக்கென்று பிரித்தால் அது அறுந்துவிடும். புத்தகம் போலப் பாதி திறந்து, கேபிளைக் கழற்றிய பிறகுதான் கவரைத் தனியே வைக்க வேண்டும்.

அடுத்து பேட்டரி கனெக்டரை பிளாஸ்டிக் குச்சியால் தூக்கிவிடுங்கள். மற்ற எதையும் அதற்கு முன் தொட வேண்டாம். ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே ஒரு தாளில் போனின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டை ஓட்டையில் போனால் அடியில் இருக்கும் டிஸ்ப்ளேயையோ போர்டையோ குத்தும்.

இங்கே பலரும் கோட்டை விடுவது பாக்ஸின் வாயைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் நுரை கேஸ்கட்டில். பழைய பாக்ஸோடு பிய்ந்து போயிருக்கும், புதியதில் வராமலும் இருக்கும். அது இல்லாவிட்டால் சத்தம் ஓட்டை வழியாக வெளியே போவதற்குப் பதில் போனுக்குள்ளேயே பரவி, பக்கத்தில் இருக்கும் மைக்கில் நுழையும். உங்களுக்கு எல்லாம் சரியாகக் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பத் திரும்பக் கேட்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இருபக்க நுரை டேப்பைக் குறுகலாக வெட்டி, வாயைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஸ்க்ரூக்களை முதலில் எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினால் நுரை சமமாக அமுங்கும்.

ஐஃபோன் 11 வரிசையில் அடியில் இருக்கும் இரண்டு பென்டலோப் (ஐந்து இதழ்த் தலை) ஸ்க்ரூவைக் கழற்றி முன்பக்கம், திரை வழியாகத் திறக்க வேண்டும். கீழ் ஸ்பீக்கர் முழு பாக்ஸாகவே வரும். ஆனால் மேல் ஸ்பீக்கரில் கை வைக்காதீர்கள். ஐஃபோன் 10 முதல் 12 வரை ஃபேஸ் ஐடிக்கான ஒரு பாகம் அந்த ஸ்பீக்கர் கேபிளோடு இணைந்திருக்கிறது, அதை வேறொன்றாக மாற்றினால் ஃபேஸ் ஐடி போய்விடும். எந்தப் போனாக இருந்தாலும், ஒருமுறை திறந்துவிட்டால் பழைய ஐபி68 தண்ணீர்ப் பாதுகாப்பை நம்பக் கூடாது.

வெறும் ஸ்பீக்கர் வழியை முழுக்க ஒதுக்கவும் முடியாது. பாக்ஸ் எங்குமே கிடைக்காத பழைய மாடல்கள், ஸ்பீக்கர் தனியாகவே பொருந்தி பின்கவரே பெட்டியாக வேலை செய்யும் பட்டன் போன்கள், பெட்டியை அறுக்காமலேயே ஸ்பீக்கரைப் பிடுங்கும்படி வெளியிலிருந்து ஒட்டிய அமைப்புகள் ஆகியவற்றில் அதுவே போதும். அப்போது பி-7000 பசையை ஸ்பீக்கரின் விளிம்பில் மட்டும் ஊசி முனையால் வைத்து ஒருநாள் காய விடுங்கள். டயஃப்ரத்தில் ஒரு சொட்டு வழிந்தாலும் அந்த ஸ்பீக்கர் அவ்வளவுதான்.

எந்த வழியில் போனாலும் பின்கவரை ஒட்டுவதற்கு முன்னால் பேட்டரியை இணைத்துச் சோதியுங்கள். 300 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒரு டோனை முக்கால் வால்யூமில் ஓட விட்டு, விரலால் பெட்டியின் தையலைச் சுற்றித் தடவுங்கள். எங்கேனும் ‘உஸ்’ என்று காற்றுப் பட்டாலோ, விரல் வைத்ததும் ஒலி மாறினாலோ அங்கே கசிவு. பிறகு வீட்டில் இன்னொருவரின் போனுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவரை அடுத்த அறையில் நின்று பேசச் சொல்லி, தன் குரல் திரும்பக் கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்கிறது என்றால் நுரை கேஸ்கட்டை மறுபடி ஒட்ட வேண்டும். கேட்கவில்லை என்றால் பின்கவருக்குப் பசை வைக்கலாம்.