இரண்டு கிலோவா, ஆறு கிலோவா: மலையக விழாக்களுக்கு ஒரு டிஜே கன்ட்ரோலர்

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நானும் என் தம்பியும் பத்து வருடங்களாகப் பாட்டு செட் போட்டு வருகிறோம். கல்யாணம், பெண் பிள்ளைகளின் சடங்கு, மாரியம்மன் திருவிழா, பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். நெடுநாள் மடிக்கணினியில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்து, சுட்டியால்தான் பாட்டு மாற்றினோம். போன வருடம்தான் முறையான கன்ட்ரோலர் ஒன்று, அதாவது மடிக்கணினியின் பாட்டு மென்பொருளைப் பொத்தானாலும் சக்கரத்தாலும் இயக்கும் கருவி, வாங்கினோம். அதற்கு முன் ஆறு மாதம் விசாரித்தோம், கண்டிக்கு இரண்டு முறை போய் வந்தோம், நண்பர்களிடம் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தோம். அதே யோசனையில் இப்போது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடைசி வரை நின்றவை இரண்டு. ஒன்று, 2023-இல் வந்த பயனியர் டிஜேயின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4. இரண்டு சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு பாட்டைக் கலக்கலாம்), எடை 2.1 கிலோ, புதிதாகவே வாங்கலாம். மற்றது, அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட டிடிஜே-1000. நான்கு சேனல், எடை ஏறத்தாழ ஆறு கிலோ, எங்கள் கைக்கு எட்டியது பாவித்த கருவிதான். நாங்கள் வாங்கியது சின்னதை. இன்றும் அதுவே சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

பெரிய கருவியின் சிறப்புகளைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பாட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தும் அதன் ஜாக் சக்கரம் கைக்கு அடங்காத அளவு பெரியது, நடுவிலே ஒரு திரை. பாட்டு எந்த இடத்தில் ஓடுகிறது என்று மடிக்கணினியைப் பார்க்காமலே தெரிந்துவிடும். நீண்ட கேபிளிலும் இரைச்சல் ஏறாத எக்ஸ்எல்ஆர் வெளியீடு உண்டு, மைக் இரண்டு செருகலாம். மேடையில் வைத்தால் பார்ப்பவர்களுக்கும் மதிப்பு வரும். அது இந்தத் தொழிலில் சின்ன விஷயமில்லை. ஒரு தோட்டத்தில் நடக்கும் விழாவைப் பார்த்துத்தான் அடுத்த தோட்டத்தார் கூப்பிடுகிறார்கள்.

இடையில் வேறு சிலவற்றையும் பார்த்தோம். நியூமார்க் மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸின் ஆறு அங்குலச் சக்கரமும், எஃபெக்டை அழுத்திப் பிடிக்கும் துடுப்புச் சுவிட்சும் எனக்கு மிகவும் பிடித்தன. ஒரே ஒரு மாலைதான் அதை ஓட்டினேன், அதனால் நீண்ட நாள் உழைப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 500-க்கு மடக்கும் கால்கள் உண்டு. மேசையில் யாராவது சோடாவைக் கொட்டினால் கருவி நனையாது. தாளம் சேர்க்கப் பழகுபவர்களுக்கு அதன் வழிகாட்டி விளக்குகளும் உதவும். கடையில் பார்த்ததோடு சரி.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது கரண்ட்.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாண வரவேற்பு. பெரிய கருவி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, நண்பர் ஒருவரின் நான்கு சேனல் கருவியை அன்றைக்கு இரவல் வாங்கிப் போயிருந்தோம். மாலை ஏழு மணி. வேலை விட்டு வந்த குடும்பங்கள் சோறு வடித்து, தண்ணீர் சுடவைத்து, விழாவுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடும் நேரம். ரைஸ் குக்கரும் கேத்தலும் இஸ்திரிப் பெட்டியும் எல்லா லய வீடுகளிலும் ஒரே சமயத்தில் ஓடினால் கம்பியின் கடைசியில் இருக்கும் மண்டபத்துக்கு என்ன மிஞ்சும்? டியூப் லைட் ஒரு தடவை மங்கி மீண்டது. அரை வினாடிதான் இருக்கும். ஆம்ப் தாங்கிக்கொண்டது. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. கன்ட்ரோலரின் விளக்குகள் மட்டும் மொத்தமாக அணைந்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக மீண்டும் எரியத் தொடங்கின. திரையில், ஒலிக்கருவியைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் அந்த நேரம் பார்த்து வாசலில் காலை வைத்தார்கள்.

மென்பொருள் கருவியை மறுபடி கண்டுபிடித்து, பாட்டை ஏற்றி, ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரை நான் தள்ளுவதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. வெளியே தப்பு மேளம் அடித்து ஓய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் மண்டபம் அமைதியானதைக் கேட்டு, கோப்பையை வைத்துவிட்டு வந்து அடிக்க ஆரம்பித்தார்கள். மணமக்கள் தப்புச் சத்தத்தில் உள்ளே வந்தார்கள். அன்று எங்கள் மானம் அவர்கள் கையால் தப்பியது. அதே இரவு இன்னும் இரண்டு முறை விளக்கு மங்கியது, இரண்டு முறையும் பாட்டு நின்றது.

நடந்ததற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. கன்ட்ரோலர் என்பது வெறும் பொத்தான் பலகையாக இருந்தால் பரவாயில்லை. மடிக்கணினியின் பாட்டை ஒலியாக மாற்றி வெளியே அனுப்பும் சவுண்ட் கார்டும் அதற்குள்தான் இருக்கிறது. பெரிய கருவிகளில் பலவற்றுக்கு, டிடிஜே-1000 உட்பட, சுவரிலிருந்து தனி அடாப்டர் வேண்டும். சுவரில் கரண்ட் தடுமாறும்போது அடாப்டரும் விட்டால் சவுண்ட் கார்டு போய்விடும், மடிக்கணினி உயிரோடு இருந்தும் பயனில்லை.

எஃப்எல்எக்ஸ்4 யூஎஸ்பி கேபிள் வழியாக மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பழைய யூஎஸ்பி 2.0 துளை அதிகபட்சம் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். மடிக்கணினி பேட்டரி 50 வாட்-மணி கொள்ளளவு உடையதென்றால், அப்படி ஒரு கருவி ஒரு மணி நேரத்துக்கு அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். விளக்கு மங்கினால் அதற்குத் தெரியவே தெரியாது. முழு மின்வெட்டு என்றாலும் ஆம்ப்தான் அடங்கும். நான் ஹெட்போனில் அடுத்த பாட்டைத் தயார் செய்துகொண்டிருப்பேன், தம்பி ஜெனரேட்டரை இழுப்பான், ஆம்ப் மீண்டும் உயிர் பெற்றதும் ஃபேடரை ஏற்ற வேண்டியதுதான். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டிய ஊரில் ஒவ்வொரு நிமிடமும் விழா வீட்டுக்காரருக்குச் சொந்தம்.

பெரிய கருவிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தால் போதாதா என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான், சில இடங்களில் போதும். ஆனால் ஈயப் பேட்டரி கொண்ட யூபிஎஸ் இன்னும் ஒரு சுமை. மண்டபத்துக்கு வாகனம் போகாத தோட்டங்களில் படிக்கட்டு ஏறுவது நாங்கள்தான். அதன் பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். சிறிய ஜெனரேட்டரின் கரண்ட் சீராக இராது என்பதால், சாதாரண யூபிஎஸ் டக் டக்கென்று பேட்டரிக்கும் கரண்டுக்குமாக மாறிக்கொண்டே இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அடாப்டர் எரிந்துபோனால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே முனை கொண்ட ஒன்றைத் தேடிக் கொழும்புக்குப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. யூஎஸ்பி கேபிள் ஹட்டன் டவுனில் கைப்பேசிக் கடைகளிலேயே கிடைக்கிறது. டேட்டா போகும் கேபிளா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் கேபிள்களும் அதே கம்பியில்தான் தொங்குகின்றன.

யூஎஸ்பி வழியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கேபிளை யாராவது காலால் இழுத்துவிட்டால் அதே அமைதிதான். அதனால் மேசைக் காலோடு சேர்த்து டேப் சுற்றிவிடுகிறேன். விண்டோஸில் யூஎஸ்பி துளைகளைத் தூங்க வைக்கும் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிடுங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப் வழியாகக் கருவியைச் செருகாதீர்கள்.

சின்னக் கருவியின் உண்மையான குறை ஒலி வெளியீடு. சிவப்பு, வெள்ளை முனை கொண்ட சாதாரண ஆர்சிஏ மட்டும்தான். அந்தக் கேபிளை இருபது மீட்டர் நீட்டினால் ஊளைச் சத்தம் கேட்காமல் இராது. பக்கத்திலேயே ஒரு சிறிய மிக்ஸர் வைத்து, அதுவரை ஒரு மீட்டர் ஆர்சிஏ, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு எக்ஸ்எல்ஆர் என்று ஓட்டுகிறோம். அறிவிப்பாளரின் மைக்கும் அந்த மிக்ஸருக்கே போகிறது. கருவியிலுள்ள ஒற்றை மைக் துளையை நான் தொடுவதே இல்லை. அப்படியும் இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் சரியில்லாத மண்டபங்களில் பாதி நேரம் இரைச்சல் அதோடு நின்றுவிடும்.

நான்கு சேனல் கட்டாயம் வேண்டும், அடாப்டரும் வேண்டாம் என்பவர்கள் 2021-இல் வந்த டிடிஜே-எஃப்எல்எக்ஸ்6-ஐத் தேடலாம். அதுவும் யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும். தலவாக்கலையில் ஒருவருடையதை இரண்டு இரவு ஓட்டினேன், எந்தத் தடங்கலும் வரவில்லை. இரண்டு இரவை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

ஈரம் எல்லாக் கருவிக்கும் எமன்தான். நுவரெலியாப் பனியிலிருந்து ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்த உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். கருவியின் குளிர் விடும்வரை மூடியே இருக்கட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு வையுங்கள்.

மென்பொருள் விஷயத்தில் எங்கள் தெரிவு பயனியர் டிஜேயின் சொந்த மென்பொருளான ரெகார்ட்பாக்ஸ். கருவியைச் செருகினாலே கலக்கும் முறை திறந்துவிடுகிறது, சந்தா கட்ட வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய காரணம், எங்கள் பாட்டுகளின் தாளம். இளையராஜாவின் 1980-களின் பாடல்கள் கையால் வாசித்தவை, வேகம் ஒரே கோட்டில் நிற்காமல் மூச்சுவிடும். மென்பொருள் சராசரி வேகம் ஒன்றைக் கணக்கிட்டுப் பாட்டு முழுவதும் தாள அடிகளைக் குறிக்கும் கட்டம் போட்டால், இரண்டாவது சரணத்தில் கட்டமும் மத்தளமும் பிரிந்துவிடும். ரெகார்ட்பாக்ஸில் பாட்டை ஆராய நார்மல், டைனமிக் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய பாட்டுகளை டைனமிக்கில் ஓட்டினால் கட்டம் பெரும்பாலும் தாளத்தோடு வளைந்து போகிறது. சிங்கள ஆட்டப் பாட்டான பைலாவை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும். ஆறெட்டுத் தாளத்தை எண்ணத் தெரியாமல், சரியான வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு காட்டிவிடுகிறது. சிங்கள நண்பர்களும் வரும் கல்யாணத்தில் பைலா இல்லாமல் முடியாது. அதனால் அந்தக் கோப்புறையைத் தம்பி ஒரு மழை வாரம் முழுக்க உட்கார்ந்து திருத்தினான்.

எஃப்எல்எக்ஸ்4-இல் செராட்டோ டிஜே லைட்டும் இலவசமாக ஓடும். முழுமையான ப்ரோவுக்குப் பணம் கட்ட வேண்டும். செராட்டோவின் திரை கண்ணுக்கு இதமானது. குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் வசதியை அங்கே முதலில் தொட்டபோது நான் அசந்துபோனேன். பயனியர் டிஜேயின் நிறுவனமான ஆல்ஃபாதீட்டா செராட்டோவை வாங்க முயன்று, 2024 ஜூலையில் நியூசிலாந்தின் போட்டி ஒழுங்குமுறை ஆணைக்குழு அனுமதி மறுத்தது. ஆகவே இந்த இரண்டும் இன்னும் போட்டியாளர்களே. இரண்டோடும் பேசும் கருவி கையில் இருப்பது நல்லது. டிடிஜே-1000 ரெகார்ட்பாக்ஸுக்கென்றே செய்தது, செராட்டோவுக்கு எஸ்ஆர்டி என்ற வேறு மாடல் தேட வேண்டும்.

எங்கள் பக்கம் பலர் பாவிப்பது விர்ச்சுவல் டிஜே. ஏறக்குறைய எந்தக் கருவியைச் செருகினாலும் அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டுப் பாவனைக்கு இலவசம், கூலிக்கு வாசிப்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும். பூட்டு உடைத்த பிரதியை வைத்து ஓட்டும் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பிரதியை நம்பி ஒரு பெண் பிள்ளையின் சடங்குக்குப் போகாதீர்கள். அவளுக்கு அந்த நாள் இன்னொரு முறை வராது. காசு இல்லையென்றால், ஆங்கிலத்தில் மூன்று எக்ஸ் போட்டு எழுதும் மிக்ஸ் இருக்கிறது. 2001 முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள், முற்றிலும் இலவசம், பழைய மடிக்கணினியில் லினக்ஸிலும் ஓடும். எங்கள் மாற்று மடிக்கணினியில் அதுதான் இருக்கிறது.

எதை நிறுவினாலும் பாட்டுகளை வன்தட்டில் வைத்திருங்கள். பள்ளத்தாக்கில் இருக்கும் மண்டபங்களில் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிது, இணையத்திலிருந்து பாட்டு இழுப்பது அங்கே நடக்காது.

மறுவிற்பனை பற்றியும் கேட்கிறார்கள். 2022-இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது பாவித்த கருவிகளின் விலையும் கூடவே ஏறியது. பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள், அது போதும்.

ஆயிரம் பேர் கூடும் திருவிழா மேடை என்றால் இப்போதும் பெரிய கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறோம், அடாப்டருக்கென்று யூபிஎஸ்ஸையும் தூக்கிக்கொண்டு. அன்றைக்கும் எஃப்எல்எக்ஸ்4 மேசைக்கு அடியில், மாற்று மடிக்கணினியில் செருகியபடி, முதல் பாட்டு ஏற்றித் தயாராக இருக்கும்.