மாண்டரின் இம்மர்ஷன் என்று 68,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: டெல்டா பெற்றோர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மத்தியானம் நான்காவது தடவையாக அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. டெல்டாவில் ஒரு டவுனில் இருக்கும் தனியார் நர்சரி பிரைமரி பள்ளி. ஏசி வகுப்பறை, வாசலில் சிவப்புக் காகித விளக்கு.

போன பணம் 68,500 ரூபாய். அட்மிஷன் 25,000, மாண்டரின் (சீன மொழி) இம்மர்ஷன் புரோகிராம் 38,500, புத்தகமும் கிட்டும் 5,000. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு அக்கவுண்டில் ஏறிய பணம் அது. நாற்பது கிலோ மூட்டையில் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட எழுபது மூட்டை. ஈரப்பதம் கூட என்று சொல்லி, களத்தில் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாய் போட்டு ஒன்பது ராத்திரி காவல் படுத்து விற்ற நெல்.

எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். என் மச்சானும் ஒன்பது வருடமாக அங்கே கப்பல் பட்டறையில்தான் வேலை. "சைனீஸ் பேசத் தெரிஞ்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்று லீவில் வரும்போதெல்லாம் சொல்வார். அது மனதில் இருந்தது. பாப்பாவுக்கு நாலு வயது முடிந்து எல்கேஜி சேர்க்க வேண்டிய நேரத்தில் அந்தப் பள்ளியின் மாண்டரின் வகுப்பு நோட்டீஸ் கைக்கு வந்தது.

டெமோ கிளாஸ் என்று கூப்பிட்டார்கள். வரவேற்பறைச் சுவரில் பெரிய படம் வைத்திருந்தார்கள். 1015ல் ராஜராஜ சோழன் அனுப்பிய தூது சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது, சீனாவின் குவான்சோ நகரத்தில் 1281ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு, சிவன் கோயிலைப் பற்றியது, கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது. இதெல்லாம் உண்மைதான், அப்புறம் நானே தேடிப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு நிமிராதா? அந்த இடத்திலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

இம்மர்ஷன் என்றால் என்ன என்று கேட்டேன். முதல்வர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "நீங்க நீச்சல் எப்படி சார் கத்துக்கிட்டீங்க? புஸ்தகம் படிச்சா? ஆத்துல தூக்கிப் போட்டாங்கல்ல? அதான் சார் இது. பாதி நாள் முழுக்க பாப்பா காதுல மாண்டரின் மட்டும்தான் விழும். தானா வந்துடும்." எனக்கு அப்படித்தான் நீச்சல் வந்தது. பாமணி ஆற்றில் சித்தப்பா தூக்கிப் போட்டார். அதனால் அவர் சொன்னது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. சித்தப்பா என்னோடு சேர்ந்தே தண்ணீரில் குதித்தார், அவருக்கு நீச்சல் தெரியும் என்பது அன்றைக்கு என் நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் அந்த அட்டை. சிவப்பு அட்டையில் தங்க நிறத்தில் நாலு சீன எழுத்து, கீழே பேனாவால் என் மகள் பெயர். "இதுதான் சார் உங்க பொண்ணோட சைனீஸ் பேரு" என்று பாப்பா கையில் கொடுத்து அவள் தலையைத் தடவினார். பாப்பா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ஜிபேயில் 68,500 ரூபாயும் கட்டினேன். அந்த அட்டையை ஏழு மாதமாகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு நிபந்தனை போட்டார்கள். மொழி குழம்பிவிடுமாம், வீட்டில் தமிழைக் குறைக்க வேண்டுமாம். தமிழ் எழுத்து இப்போதைக்கு வேண்டாம் என்று அந்த வகுப்பையும் எடுத்துவிட்டார்கள். நானும் கேட்டேன். ராத்திரி பாப்பாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த என் அம்மாவிடம், "அம்மா, கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க" என்று என் வாயாலேயே சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்கள். 68,500 ரூபாயை யாராவது திருப்பித் தரலாம், இதை யார் தருவார்கள்? தமிழ்நாட்டில் 2006ல் போட்ட சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம். இந்தப் பிள்ளைகள் அங்கே போய் அ, ஆ தெரியாமல் முழிக்கும்போது முதல்வரா வந்து நிற்பார்?

தீபாவளிக்கு மச்சான் வந்தார். சாமி அலமாரியில் அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "மாப்ள, இதை நான் தினமும் பாக்குறேன். கடை வாசல்ல, மிதியடியில இருக்கும்" என்றார். போட்டோ எடுத்துத் தன்னுடைய சீன சூப்பர்வைசருக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'ஹுவான்யிங் குவாங்லின்.' கடைக்கு வருகிறவர்களை 'வாங்க வாங்க' என்று வரவேற்கும் வாசகம். மறுநாள் அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே அட்டை, அதே நாலு எழுத்து.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். வீடியோ காலில் வந்து பாப்பாவிடம் மெதுவாக, சிரித்துக்கொண்டு, 'உன் பெயர் என்ன' என்று மாண்டரினில் கேட்டார். எந்த மொழியிலும் முதல் பாடத்தில் வருகிற கேள்வி. ஐந்து மாதம் படித்த என் குழந்தை 'நி ஹாவ்' என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளுடைய மாண்டரின் நோட்டை முழுசாகப் புரட்டினேன். முதல் பக்கம் முழுக்க ஒரு கோடு. அடுத்த பக்கம் இரண்டு கோடு. அதற்கடுத்தது மூன்று கோடு. சீனத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எழுத அவ்வளவுதான். நான்கு வேறு மாதிரி எழுத வேண்டும், அந்தப் பக்கம் நோட்டில் வரவே இல்லை. பின்பக்கம் டீச்சர் கையெழுத்தில் தமிழில் 'மா = அம்மா', 'மா = குதிரை'. மாண்டரினில் நாலு தொனி உண்டு. உதாரணத்துக்கு இதே 'மா'வை, குரலை உயரத்தில் சமமாக நீட்டினால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை, வெட்டி இறக்கினால் திட்டுவது. சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுத 1958லிருந்து சீனாவில் வழக்கத்தில் இருக்கும் பின்யின் முறையில் இதற்கு உயிரெழுத்தின் மேலே குறி போடுவார்கள். இந்த நோட்டில் ஒரு குறி கிடையாது. பாப்பா இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறாள்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: வாரத்துக்கு இரண்டு நாள், இருபது நிமிடம், டிவியில் யூடியூப் பாட்டு. சொல்லிக்கொடுக்கிற டீச்சர் செல்போன் ஆப்பில் அப்போதைக்கப்போது படித்துவிட்டு வருகிறார். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. குறைந்த சம்பளம், மேலிடம் சொன்னதைச் செய்கிறார்.

முதல் தடவை பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது முதல்வர் மீட்டிங்கில் இருந்தார், இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை பார்த்தார். "என்ன சார், விவசாயி நீங்களே இப்படிக் கேக்கலாமா? விதை போட்ட அன்னைக்கே அறுப்பீங்களா?" என்றார். விதைத்த வயல் எது, தரிசு எது என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எழுந்து போய்விட்டார். மூன்றாவது தடவை, அது பள்ளிக்கூடத்துப் பணமே இல்லை, அகாடமிப் பணம், சென்னையில் கேளுங்கள் என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், பள்ளியின் பெயர் எங்குமே இல்லை, ஏதோ ஒரு அகாடமி பெயர். பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் 'எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது'. சென்னை நம்பருக்குப் பேசினால் புகார் பதிவு செய்தாயிற்று, பத்து வேலை நாள் என்கிறார்கள். பத்து வேலை நாள் போய், நேற்று நான்காவது தடவை. இன்னும் 15,000 கட்டினால் அடுத்த வருடக் கட்டணத்தில் சரிசெய்து தருகிறார்களாம்! நான் சத்தம் போட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

அந்த வகுப்பில் பதினாலு பிள்ளைகள். ஆளுக்கு 68,500 ரூபாய். மற்ற வீடுகளில் பேசிப் பார்த்தேன். "வெளிய தெரிஞ்சா அசிங்கம், விடுங்க" என்கிறார்கள். இதில் நமக்கு என்ன அசிங்கம்?

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். இம்மர்ஷன் என்றால் அந்த மொழியிலேயே பாடம் நடக்க வேண்டும், மொழியைச் சரளமாகப் பேசும் ஆள் வகுப்பில் நாள்தோறும் இருக்க வேண்டும். அந்த ஆளை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் யாரையாவது போனில் பிடித்து, அவருடைய சீன நண்பரை டீச்சரோடு ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். சிங்கப்பூருக்குப் போக இது வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அங்கே தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழைத்தான் படிக்கிறார்கள். ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று அங்கேயே, கவுண்டரிலேயே பாருங்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். அதே வகுப்புப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ரசீதின் இரண்டு பக்கத்தையும், அந்த அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள், சேர்ந்து போவோம். நேற்று திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், அடுத்த வருட அட்மிஷனுக்கு இப்போதே பேனர் கட்டிவிட்டார்கள். அதே நாலு எழுத்து, பெரிதாக.