கூண்டா, கழிவறையா, பாம் ஷெல்டரா?

2024 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனை வரை சட்டப்படியே வளர்க்கலாம். சரி, இரண்டாவதைக் கூட்டி வந்தால், நோய் ஏதும் இருந்து மற்றதற்குத் தொற்றாமலிருக்க, முதல் இரண்டு வாரம் எங்கே தனியாக வைப்பது? சும்மா கிடக்கிற அறை யார் வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்.

கருத்தடை முடிந்து வந்த பூனை குதிக்கக் கூடாது, அதற்கு மடிப்புக் கம்பிக் கூண்டை அடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. அடித்தட்டை உருவிக் கழுவினால் வேலை முடிந்தது. ஆனால் பூனைச் சளிக்கு அதே கூண்டை ஹால் மூலையில் வைத்துவிட்டுப் பிரித்துவிட்டோம் என்று நினைப்பது வீண், தும்மினால் துளி ஒரு மீட்டர் தாண்டியும் போகும், கம்பி என்ன செய்யும்?

ஜிப் வைத்த துணிக் கூடாரம் மலிவு, மடித்து அலமாரிக்கு மேல் போடலாம். ஒரு பிற்பகலுக்குச் சரி. மூக்கால் முட்டி முட்டியே ஜிப்பைத் திறந்துவிடும் பூனைகள் உண்டு. படர்தாமரை வந்த பூனையென்றால் வேண்டவே வேண்டாம், தையலுக்குள் அந்தப் பூஞ்சையின் நுண்வித்துகள் மாதக்கணக்கில் இருக்கும்.

வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பதுங்கு அறையான பாம் ஷெல்டரைப் பார்த்தால் இதற்கென்றே கட்டியதுபோலத்தான் இருக்கும். இரும்புக் கதவைச் சாத்தினால் காற்றோட்டம் போதாது, நம் ஊர் வெக்கைக்கு அது கொடுமை. துளை போட்டு வலைக்கதவு மாட்டலாமென்றால் அதற்கும் விதி இடம் தராது. போதாததற்குப் பாதி வீடுகளில் அங்கே பெட்டியும் அரிசி மூட்டையும்தான் குடியிருக்கின்றன.

என் ஓட்டு கழிவறைக்குத்தான். டைல்ஸ் தரை, தண்ணீர், சாத்துகிற கதவு மூன்றும் ஒரே இடத்தில். கழிவுக் கிண்ணத்தை மூடிவையுங்கள், குட்டி விழுந்துவிடும். ஜன்னலுக்கு வலை கட்டாயம். பயந்த பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டியைச் சாய்த்துப் போட்டால் உள்ளே போய் ஒடுங்கிக்கொள்ளும். பூனை போனபின் முடி, அழுக்கையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். சிறுநீர் இருக்கும்போதே பிளீச்சை ஊற்றாதீர்கள், கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும். அப்புறம், உள்ளே போக ஒரு செருப்பு தனியாக, வெளியே வந்ததும் கையைக் கழுவுங்கள். பூனைக்குக் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வகைக் கிருமி காலோடு வந்து மாதக்கணக்கில் தங்கிவிடும்.

ஒரே கழிவறை உள்ள ஈரறை வீடென்றால் படுக்கையறைக்குள் கூண்டை வைத்துக் கதவைச் சாத்துங்கள், கட்டில் விரிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.