தூர்வாரிய குளமா, விட்டுவைத்த கரையா, புதிய குட்டையா?

சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு குளத்தை மீட்க வேண்டும் என்று குடியிருப்போர் நலச் சங்கம் கூடினால் முதலில் காதில் விழும் சொல் ‘தூர்வாருதல்’. ஜேசிபிக்கு யார் பணம் தருவது, எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது, கரைக்குக் கல் பதிப்பதா வேண்டாமா என்றே பேச்சு நீளும். ஐப்பசி மழைக்கு அந்தக் குளத்தில் கத்தும் தவளைகளைப் பற்றி யாராவது கேட்டால், தண்ணீர் நின்றால் அவை தாமாக வந்துவிடும் என்ற ஒரு பதிலோடு அது முடிந்துவிடும். தண்ணீர் நின்றால் தவளை வரும் என்பது மெய்தான். அது இட்ட முட்டை தலைப்பிரட்டையாகி, தலைப்பிரட்டை குஞ்சாகி, குஞ்சு கரையேறிப் போகிறதா என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. தன்னார்வலர்கள் முன்னால் இருக்கும் மூன்று வழிகளை அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் குளத்துக்கு வருபவை எவை என்று தெரிந்துகொள்வது நல்லது. சென்னைக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. இங்குள்ள தவளை இனங்களில் பல இந்தத் தாளத்துக்கே பழகியவை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பளிச்சென்ற மஞ்சளாகவும் அதன் தொண்டைப் பைகள் நீலமாகவும் மாறும் பெருந்தவளை, கோடை முழுவதும் மண்ணுக்குள் புதைந்து கிடந்து கனமழைக்கு மட்டும் மேலே வரும் உப்பிய உடல்கொண்ட குண்டுத் தவளை, சரம்சரமாக முட்டையிடும் தேரை ஆகியவற்றுக்கு, ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் ஆழமான குளம் தேவையில்லை. ஓரிரு மாதம் நிற்கும் ஆழமற்ற, மீனில்லாத தண்ணீர்தான் அவற்றின் தொட்டில். நீரின் மேல் தத்தித் தத்தி ஓடும் சிறு தவளையும், வளர்ந்தபின் நீர்த்தாவரங்களின் இலையையும் தின்னும் பச்சைத் தவளையும் மட்டும் நிலைநீரை விட்டு அகலாதவை. மரத் தவளை இவற்றிலிருந்து வேறுபட்டது: தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையிலோ சுவரிலோ நுரைக்கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும், பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும். ஆகவே ‘தவளைக்கு நல்ல குளம்’ என்று ஒன்று தனியாக இல்லை. எந்தத் தவளைக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதல் வழி, குளத்தை ஆழமாகத் தூர்வாரிக் கரையைக் கட்டுவது. இதற்கு ஆதரவான வாதங்கள் வலுவானவை, அவற்றைத் தள்ளிவிட முடியாது. 2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது சிட்லபாக்கம் ஏரியில் குடியிருப்போரே வார இறுதிகளில் இறங்கிக் குப்பையும் சேறும் அள்ளினார்கள். அன்று அவர்கள் மனத்தில் இருந்தது நிலத்தடி நீர், அது நியாயமானதும்கூட. கொள்ளளவு கூடினால் வெள்ளமும் ஓரளவு தணியும். அரசுப் பணமும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் எளிதில் கிடைப்பது இத்தகைய வேலைக்குத்தான், ஏனெனில் செய்ததைக் கன மீட்டரில் கணக்குக் காட்டலாம்.

தவளைக் கணக்கில் மட்டும் இந்த வழி மூன்று இடங்களில் சறுக்குகிறது. ஒன்று, வேலை நடக்கும் காலம். குளம் வற்றிய ஏப்ரல், மே மாதங்களில்தான் இயந்திரம் இறங்க முடியும். அதே மாதங்களில்தான் புதைவாழ் தவளைகள் கரையோர மண்ணுக்குள் உறங்குகின்றன. லாரியில் ஏறும் மண்ணோடு அவையும் போகின்றன. இரண்டு, சேறு. அடியில் படிந்த கருஞ்சேற்றைக் கழிவு என்றே எண்ணி முழுவதும் வழித்தெடுக்கிறோம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், வயலாக்குவதற்காக 45 முதல் 150 ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட குட்டைகளை ஆய்வாளர்கள் மீண்டும் தோண்டியபோது, புதைந்து கிடந்த பழைய சேற்றிலிருந்த விதைகள் முளைத்து நீர்த்தாவரங்களாக எழுந்தன. நம் குளத்துச் சேற்றிலும் அல்லியும் கோரையும் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதை ஒரு மூலையிலாவது விட்டுவைத்தால், பிறகு நர்சரியில் செடி வாங்கும் செலவு மிஞ்சும்.

மூன்றாவது, கரை. எனக்கு இந்த விஷயம் உறைத்தது ஒரு நவம்பர் இரவில். எங்கள் பகுதிக் குளத்தின் நான்கு பக்கமும் செங்குத்தாகச் சிமெண்ட் பூசிய கல்சுவர் எழுப்பியிருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரை ஒட்டிக் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பாசி என்று நினைத்துக் குனிந்தேன், கோடு அசைந்தது. விரல் நகத்தளவு தேரைக் குஞ்சுகள், வால் மறைந்து கால் முளைத்தவை, வழுவழுப்பான பூச்சில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தன. மறுநாள் காலை வெயிலில் அவற்றில் பல சுவரோடு சுவராகக் காய்ந்து ஒட்டியிருந்தன. நாங்கள் நனைத்த சணல் சாக்குகளைச் சுவரின் மேலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டோம்; அன்றிரவே குஞ்சுகள் சாக்கின் இழைகளைப் பிடித்து ஏறத் தொடங்கின. அரிசி மண்டியில் இலவசமாகக் கிடைத்த சாக்கு சரிசெய்யக்கூடிய பிழையைத்தான் வரைபடத்திலேயே பெரும் செலவில் கட்டியிருந்தோம்.

இரண்டாம் வழி, குளத்தை இருக்கும் நிலையிலேயே மெல்லத் திருத்துவது. குப்பையை அகற்றுவது, ஆகாயத்தாமரையை ஒரேயடியாக இல்லாமல் பகுதி பகுதியாக எடுப்பது, ஒரு பக்கக் கரையையாவது ஓரடி இறங்க ஐந்தடி நீளம் இருக்கும்படி சரிவாக்குவது, கரையில் புல்லையும் புதரையும் வெட்டாமல் விடுவது ஆகியவையே இதன் வேலைகள். மண்வெட்டியும் கடப்பாரையும் இருந்தால் தன்னார்வலர்களே செய்துவிடலாம். செங்குத்துச் சுவரில் ஏற முடியாத குஞ்சு இந்தச் சரிவில் நடந்தே போய்விடும். போன பிறகு ஒதுங்கப் புதரும் இருக்கும்.

ஆனால் இந்த வழியின் பலவீனத்தை மறைப்பது சரியல்ல. குளத்துக்குள் கழிவுநீர்க் குழாய் ஒன்று திறந்திருந்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். அந்தக் குழாயை அடைக்கும் அதிகாரம் தன்னார்வலர்களிடம் இல்லை. குளம் மாநகராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா, வருவாய்த் துறைப் புறம்போக்கா, கோயிலுடையது என்பதால் அறநிலையத் துறையிடம் போக வேண்டுமா என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு பருவம் கழிந்துவிடும். புதர் வளர்ந்தால் பாம்பு வரும் என்று அடுத்த தெருவிலிருந்து புகார் வரும். (வரத்தான் செய்யும், தவளை இருக்கும் இடத்துக்குச் சாரை வராமல் வேறு எங்கே போகும்?) எல்லாவற்றுக்கும் மேலாக இது ஆண்டுதோறும் தொடர வேண்டிய வேலை. பெங்களூரில் புட்டேனஹள்ளி ஏரியை 2010 முதல் அக்கம்பக்கத்தார் ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்துகொண்டு பராமரித்து வருகிறார்கள். அப்படி ஓர் அமைப்பு இல்லாத இடத்தில், ஒருநாள் ஞாயிறு கூடிக் கையுறையோடு படம் எடுத்துக்கொண்டு கலையும் இருநூறு பேரைவிட, மாதம் இருமுறை தவறாமல் வரும் எட்டுப் பேரே குளத்துக்கு வேண்டியவர்கள்.

மூன்றாம் வழிதான் நம் ஊரில் அதிகம் பேசப்படாதது: பழைய குளத்தைத் தொடாமல், அதன் அருகிலோ பூங்காவிலோ பள்ளி வளாகத்திலோ ஆழமற்ற ஒரு பருவக் குட்டையைப் புதிதாக வெட்டுவது. பிரிட்டனில் 2008-இல் தொடங்கப்பட்ட பத்து லட்சம் குட்டைகள் திட்டத்தின் தர்க்கமும் இதை ஒட்டியதுதான்: கெட்டுப்போன நீர்நிலையைச் சுத்தம் செய்வது பெரும்பாடு; சாக்கடையோ உரமோ கலக்காத தண்ணீர் வரும் இடத்தில் புதிதாக ஒன்றை வெட்டுவது எளிது. நம் நிலைமைக்கு அந்தத் தர்க்கம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்றே சொல்வேன். கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வழியாகக் குட்டைக்குத் திருப்பினால் சாக்கடைச் சிக்கலே எழாது.

24 அடி நீளம், 16 அடி அகலம், நடுவில் ஒன்றரை அடி ஆழம், நாற்புறமும் ஐந்துக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொண்டால் வெட்ட வேண்டிய மண் ஏறக்குறைய 240 கன அடி, அதாவது 2.4 யூனிட்தான். பத்துப் பேர் இரண்டு ஞாயிறுகளில் முடித்துவிடலாம். இதன் தலையாய பயன் அது வற்றிப்போவதுதான். வற்றும் குட்டையில் மீன் நிலைக்காது. மீனில்லாத நீரில் முட்டையும் தலைப்பிரட்டையும் தப்புகின்றன. தலைப்பிரட்டை குஞ்சாக மாற இனத்தைப் பொறுத்து ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும் என்பதால், மழை நின்று இரண்டு மாதமாவது நீர் நிற்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பகுதியில் இது நடக்காது. அடியில் களிமண்ணைப் பரப்பி மிதித்து இறுக்கினாலொழிய ஒரே வாரத்தில் நீர் இறங்கிவிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண் நிலத்தில் அந்தக் கவலை குறைவு. நிலைநீர்த் தவளைகளான பச்சைத் தவளைக்கும் தத்தும் தவளைக்கும் இந்தக் குட்டையால் பெரிய பயன் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொசு வரும் என்ற எதிர்ப்பு மூன்று வழிகளுக்கும் பொது என்றாலும், புதிய குட்டைக்குத்தான் அது முதலில் எழும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது பெரும்பாலும் வீட்டுத் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் போன்றவற்றில் தேங்கும் நீரை. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் நாடுவது. தும்பிப் புழுவும் நீர்ப்பூச்சியும் உள்ள திறந்த குட்டையில் கொசுப் புழு எளிதில் பெருகாது. பெருந்தவளையின் தலைப்பிரட்டையே ஓர் ஊனுண்ணி, கொசுப் புழுவையும் தின்னும். அது தன் அண்டைவீட்டுத் தலைப்பிரட்டைகளையும் தின்னும் என்பது வேறு கதை. கொசுவுக்கென்று கம்பூசியா மீனைக் கொண்டுவந்து விடுவதுதான் பெருந்தவறு. 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் தவளை முட்டையையும் இளம் தலைப்பிரட்டையையும் விட்டுவைக்காது. ப்ளீச்சிங் பவுடர் தூவுவதும் அதே விளைவைத் தரும். வேறொரு குளத்திலிருந்து தவளை முட்டையை வாளியில் அள்ளிவந்து ஊற்றும் ஆர்வமும் வேண்டாம். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை போன்ற நோய்கள் அந்த வாளியோடு வரலாம். பக்கத்தில் தவளை இருந்தால் முதல் மழையிலேயே குட்டையைக் கண்டுபிடித்துவிடும்.

என் முடிவு மூன்றாம் வழியின் பக்கமே சாய்கிறது, ஒரு நிபந்தனையோடு. பெரிய குளத்தை நீருக்காக அரசு தூர்வாரட்டும். தன்னார்வலர்கள் அதில் தங்கள் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வரைபடம் இறுதியாவதற்குள் பொறியாளரைச் சந்தித்து, நான்கில் ஒரு பக்கத்தைக் கல் பதிக்காமல் மண்சரிவாக விடவும், அந்தப் பக்கத்துச் சேற்றைத் தொடாமல் வைக்கவும் கேட்டுப் பெற வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், செலவு குறைகிறது அல்லவா. அந்தச் சரிவை ஒட்டிக் கையால் ஒரு பருவக் குட்டையை வெட்டினால் இரண்டு வகைத் தவளைகளுக்கும் இடம் அமைகிறது.

கையால் வெட்டுவதில் இயந்திரத்துக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. கடந்த மே மாதம் நாங்கள் வெட்டிய குட்டையில், ஓரடிக்குக் கீழே மண்வெட்டி ஒரு கட்டியைப் புரட்டியபோது அது மூச்சுவிட்டது. பழுப்பில் கருந்திட்டுகள் படர்ந்த குண்டுத் தவளை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வேலையை நிறுத்தி, வேப்பமரத்தடி ஈரமண்ணில் அதே ஆழத்துக்குக் குழி பறித்து அதை இறக்கி மூடினோம். குட்டையின் அந்த மூலை அதன்பின் மூன்றடி தள்ளிப் போனது.