ஒரே நாள்தான் என்றால் ஸ்பேசைடா, ஐலாவா?

ஸ்காட்லாந்தின் விஸ்கி நாட்டைப் பார்க்க ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், என் ஓட்டு ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கான ஸ்பேசைடுக்கே. குடிக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஐலா தீவின் பெயர் பெரியது, அழகும் பெரியது. போர்ட் எலன் ஊரிலிருந்து கடலோரமாக நடந்தால் ஆறு கிலோமீட்டருக்குள் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று விஸ்கி வடிசாலைகளும் வரிசையாக வந்துவிடும். அந்த ஊர் விஸ்கியின் புகைவாசம் பீட்டிலிருந்து வருவது. சதுப்பில் செடிகள் மக்கி இறுகிய மண்தான் பீட். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துகிறார்கள். எல்லாம் சரி, போய்ச் சேர வேண்டுமே! கிளாஸ்கோவிலிருந்து கென்னகிரெய்க் துறைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சாலை, அப்புறம் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கப்பல். காற்று பலத்தால் அதுவும் நின்றுவிடும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பார்த்ததைவிடக் காத்திருந்ததுதான் அதிகமாக இருக்கும்.

ஸ்பேசைடில் அந்த அலைச்சல் இல்லை. இன்வர்னெஸ்ஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் டஃப்டவுன் ஊர். ஸ்பே ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டி சுமார் 50 வடிசாலைகள். கீத் ஊரின் ஸ்ட்ராத்ஐலா 1786-இல் தொடங்கியது. இரட்டைக் கூம்புக் கூரையோடு ஓடைக்கரையில் நிற்கும் அதை வெளியே நின்று பார்த்தாலே போதும். க்ரைகெல்லகி ஊரில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் 1814-இல் கட்டி முடித்த வார்ப்பிரும்புப் பாலம் ஆற்றை ஒரே வளைவில் தாண்டுகிறது. அதே ஊரில் பீப்பாய்ப் பட்டறை. மேலே நின்று பார்த்தால், கீழே தொழிலாளி பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்து இரும்பு வளையத்தைத் தட்டி இறக்குவது தெரியும். பசையோ ஆணியோ கிடையாது, பலகைகளை வளையத்தின் இறுக்கமே பிடித்துக்கொள்கிறது. எந்த வடிசாலைச் சுற்றுலாவையும் விட்டுவிடலாம், இதை விடாதீர்கள்.

விஸ்கிப் பீப்பாய்களை வைத்திருக்கும் கிடங்குகளுக்கு அருகே உள்ள மரங்களையும் கவனியுங்கள். பட்டை கரிபூசியதுபோல இருக்கும். பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீத விஸ்கி ஆவியாகிப் போகிறது. அந்த ஆவியைத் தின்று வளரும் பூஞ்சைதான் அந்தக் கருப்பு.

எடின்பரோவை விட்டு அதிக தூரம் போக முடியாதவர்களுக்கு பிட்லோக்ரி இருக்கிறது. ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1825-இல் தொடங்கிய எட்ராடூர் வடிசாலை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். நல்ல ஊர், ஆனால் ஸ்பே பள்ளத்தாக்கின் விரிவு அங்கே கிடைக்காது.

எங்கே போனாலும் வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான், இங்கிலாந்தில் 80. பல வடிசாலைகளில் ஓட்டுநரின் பங்கைச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரவு அறைக்குத் திரும்பிய பிறகு நிதானமாகச் சுவைக்கலாம்.